தவறணையில் அப்பா

டவுன்டவுனில் அந்தப் பழைய கல் கட்டடத்தில் இருந்த, ஆம்பிளைகள் மட்டும் குடிக்கப் போகலாம் என்றிருந்த தவறணையை மூடி எத்தனையோ காலம். இப்போது அங்கே மூக்குக்கண்ணாடி விற்கிறார்கள். மூடும்வரை அதற்குள் ஒரு பெண்ணின் காலும் படவில்லை என்று பழைய ஆட்கள் பெருமையடிப்பார்கள். சும்மா கதை. என்னுடைய கால் பட்டது.

நாங்கள் அகதிகளாக வந்திறங்கிய இரண்டாம் வருடம். ஊரில் அரசாங்கக் கச்சேரி அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்த அப்பா, இங்கேயும் ஒபிசில் எழுத்து வேலை கிடைத்துவிட்டதாகச் சொல்லியிருந்தார். ஆனால் வந்து கழற்றிப்போடும் சேர்ட்டில் புளித்த கள் மணக்கும். அம்மா அதை மணந்து பார்த்துவிட்டுத் தோய்ப்பார். பிறகு மேல்வீட்டு அண்ணை, அப்பா தவறணைக்குள் நுழைவதைக் கண்டதாகச் சொல்லிவிட்டுப் போனார். அம்மாவின் தமையன் குடித்தே குடும்பத்தைக் குட்டிச்சுவராக்கியவர். அண்ணை சொன்னதைக் கேட்டதிலிருந்து அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமையும் வேலையென்று அப்பா போனதும், என்னை இழுத்துக்கொண்டு அம்மா மெட்ரோ ஏறினார். எட்டு வயதுப் பிள்ளையைப் பெண்ணென்று எடுக்கமாட்டார்கள் என்பது அவருடைய நியாயம்.

“குடிக்கிறாரோ எண்டு மட்டும் பார். அப்பாட கண்ணில பட்டிடாத,” என்று தவறணை வாசலில் பனிக்குள் நின்றபடி என்னைத் தள்ளிவிட்டார்.

உள்ளே பியர் கிளாசுகளோடு ஆம்பிளைகள். அப்பா அவர்களுக்குள் இல்லை. பாதி திறந்த குசினிக் கதவுக்குள், முதுகைக் காட்டியபடி அவித்த முட்டைகளை உரித்து, வினாகிரி நிறைந்த பெரிய போத்தலுக்குள் போட்டுக்கொண்டிருந்தார். குடிக்கிறவர்கள் கடித்துக்கொள்ளும் முட்டை. அதே மணம். எங்கள் ஊரில் வினாகிரியே கள்ளிலிருந்துதான் வரும், அம்மாவின் மூக்கைக் குறை சொல்ல முடியாது. பரிமாறுகிறவர் “போன்ஜூர்” என்று கிட்ட வர, நான் எடுத்தேன் ஓட்டம்.

“அப்பா குடிக்கேல்லை அம்மா. முட்டை உரிக்கிறார். வினாகிரிதான் மணக்குது.”

“வடிவாப் பாத்தனியோ?”

“ஓம்.”

அம்மா நடைபாதையிலேயே என்னைக் கட்டிக்கொண்டு அழுதார், அழுதழுது சிரித்தார். “என்ர வயித்தில பால் வாத்தாய் பிள்ளை,” என்றவர், டெப்பனர் என்கிற மூலைக்கடையில் எனக்குப் பெரிய சொக்லேட் வாங்கித் தந்தார்.

அன்று பின்னேரம் அப்பா வந்ததும் அம்மா தேத்தண்ணி கொடுத்தார். வினாகிரியில் வெடித்திருந்த அவருடைய விரல்களுக்குத் தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டே கேட்டார்:

“இண்டைக்கும் ஒபிசில எழுத்து வேலை கூடவோ?”

“ஓம், கொஞ்சம் கூடத்தான்.”

நான் அவ்வளவு தெளிவாகச் சொல்லியும் இந்த அம்மாவுக்கு விளங்கவில்லையே என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.