டென்ஷனைத் திறக்க அனுமதி கோரி

எங்கள் தையல் மையத்தின் பராமரிப்பு விதி பதினொன்று: ‘மெஷினில் நூலை இறுக்கும் டென்ஷன் பகுதியைத் தலைமையகத்தின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் திறக்கக் கூடாது.’ நல்ல விதி. மரக்காணத்தில் அதைப் படித்தவன் நான் ஒருவன்தான்.

நான் அங்கே மேற்பார்வையாளர். மழையில் உப்பளங்கள் மூழ்கியதும், உப்பு வாரும் பெண்கள் எங்களிடம் பள்ளிச் சீருடை தைக்க வருவார்கள். அந்த வருஷம் முதல் லாட்டிலேயே தையலின் அடிப்பக்கம் நூல் கண்ணி கண்ணியாகத் தொங்கியது. சோதிக்க வந்த இன்ஸ்பெக்டர் ஒரு பேன்ட்டை இழுத்தார். அது இரண்டாகப் பிரிந்தது.

“என்ன சார், வலை பின்றீங்களா? வெள்ளிக்கிழமை வர்றேன். அப்பவும் இப்படி இருந்துச்சுன்னா ஆர்டர் திண்டிவனத்துக்குப் போயிடும்.”

போனால், தை பிறக்கும்வரை பன்னிரண்டு பெண்களுக்கு வேலை கிடையாது.

கோளாறு கீழே தெரிந்ததால் எல்லாரும் கீழே அடிநூல் இருக்கும் பாபினின் ஸ்க்ரூவைத் திருகினார்கள். ஆனால் அடியில் கண்ணி விழுந்தால் குற்றவாளி மேல்நூல். அதை அழுத்திப் பிடிக்க வேண்டிய டென்ஷன் டிஸ்க் இரண்டும் பிடிக்கவில்லை என்று அர்த்தம். அவற்றை நெருக்கும் நட்டை முழுக்க இறுக்கியும் பயனில்லை. எனவே விதிப்படி, மூன்று பிரதிகளில் அனுமதி கேட்டு எழுதினேன்.

வியாழன் மதியம்வரை பதில் இல்லை. செல்வி என்ற உப்பளத் தொழிலாளி தன் மெஷினில் துணியை அழுத்திப் பிடிக்கும் பிரஸ்ஸர் ஃபுட்டைத் தூக்கினார். டிஸ்க்குகள் விலகின. நடுவில் ஒரு துணித்துண்டை விட்டு இழுத்தார். எண்ணெயும் உப்புத்தூளும் குழைந்த கறுப்புக் களிம்பு வந்தது.

“ஏம்மா, அனுமதியே வரல, அதுக்குள்ள தொறந்துட்டியே!”

“நான் எங்க சார் தொறந்தேன்? ஃபுட்டைத் தூக்கினேன், அதுவா தொறந்துக்குது. துணி வைக்க தெனம் தூக்குறதுதானே?”

விதி பதினொன்றை மறுபடி எடுத்துப் படித்தேன்; ஃபுட்டைத் தூக்கக் கூடாது என்று அதில் எழுதவில்லை.

“சரி, இவ்ளோ எண்ணெய் எப்படி வந்துச்சு?”

செல்வி சுவரைக் காட்டினார். அந்த மாதம் நான் கையெழுத்திட்டு ஒட்டிய சுற்றறிக்கை: ‘உப்பால் வெடித்த கைகளில் துணி சிக்குவதால், அனைவரும் தேங்காய் எண்ணெய் தடவிய பின்பே வேலையைத் தொடங்க வேண்டும்.’

“அந்தக் கையாலதானே நூல் கோக்குறோம். தொடைச்சிட்டு உக்காருங்கன்னு நீங்க எழுதலியே சார்.”

பன்னிரண்டு மெஷின்களையும் துடைத்து, கைகளையும் துடைத்து, விடியும் முன்பே வந்து லாட்டை மறுபடி தைத்தார்கள். வெள்ளியன்று இன்ஸ்பெக்டர் மூச்சைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். தையல் அசையவில்லை.

அதன் பிறகு எந்தக் கோளாறு வந்தாலும், அதன் பக்கத்தில் என் கையெழுத்து இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுவேன்.

பெண்கள் உப்பளத்துக்குத் திரும்பி, மெஷின்களுக்கு உறை போட்டாயிற்று. ‘டென்ஷன் பகுதியைத் திறக்க அனுமதிக்கப்படுகிறது’ என்ற பதில் வந்து சேர்ந்தது, மாசி மூன்றாம் தேதி.