இமைக்குப் போய்ச் சேராத சேதி

உறைகிடங்குக்குள் நுழைந்ததும் அவர் வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஒரு கையுறையைக் கழற்றுவார். குழாயில் படிந்த பனியைச் சுரண்டிக் கைக்குட்டையில் முடிந்து, இடது கண்மேல் அழுத்திக்கொள்வார். நூற்றிருபது வரை எண்ணுவார். அதுவரை வலது கால் மிதியைத் தட்டிக்கொண்டே இருக்கும். எடுத்துப் பார்த்தால், தொங்கிப்போன இமை மேலே ஏறியிருக்கும். வெளியே வெயிலில் அரைமணி நேரம் லாரிக்குச் சரக்கு ஏற்றினால் போதும், மறுபடி சரிந்துவிடும்.

பதினான்கு வருடமாகப் பெட்டி தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறார். ‘அரைக்கண்’ என்று பெயர் விழுந்து இரண்டு மாதம்தான் ஆகிறது.

“அண்ணே, மீதிக் கண்ணை வீட்டுலயே வச்சிட்டு வந்துட்டீங்களா?”

அவரும் சிரித்துவைப்பார். சாயங்காலமானால் ஒரு பெட்டி இரண்டாகத் தெரிவதைப் பற்றி மட்டும் யாரிடமும் மூச்சுவிடவில்லை. சொன்னால் வண்டியைப் பிடுங்கிவிடுவார்கள். வேறு தொழில் தெரியாது.

அன்று பிற்பகல், ஏற்றுமேடையில் பெட்டிகளைச் சரிபார்க்கும் பெண்ணே இரண்டாகத் தெரிந்தாள். பார்த்து விலகிக்கொள்வாள் என்று நினைத்தார். அவள் விலகவில்லை. பதறி பிரேக்கை மிதித்தார். வண்டியின் இரும்புக் கை அவள் இடுப்புக்கு ஒரு சாண் தள்ளி, பெட்டியொன்றைக் குத்திக் கிழித்தது.

சூப்பர்வைசர் ஓடிவந்து, “யோவ், ஊதுய்யா” என்றார். வாடை எதுவும் இல்லை. “கண்ணு சரிஞ்சு மறைச்சிடுச்சு சார்” என்றவரை விசாரிக்கக் கிடங்குக்குள் கூட்டிப்போனார். அந்தக் குளிரில் கண் பளிச்சென்று திறந்துகொண்டது.

“இப்ப மட்டும் எப்படிய்யா முழிச்சுக்கிச்சு? யார்கிட்ட நடிக்கிற?”

மறுநாள் காலை மனைவி அவரை மருத்துவமனைக்கு இழுத்துப்போனாள். பாழாய்ப்போன இமை அங்கே சமர்த்தாக நின்றது.

“கண்ணுதான் நல்லா இருக்கே. வா, போயிடலாம்.”

“மூட்டைப்பூச்சியா கடிக்குது? சும்மா உக்காருங்க.”

டாக்டரம்மா அவரை இமைக்காமல் கூரையைப் பார்க்கச் சொன்னார். ஒரு நிமிடத்துக்குள் இமை வழுக்கி இறங்கியது.

“ஐஸ் வச்சா ஏறிடும் டாக்டர்,” என்று மனைவி போட்டுக்கொடுத்தாள்.

டாக்டரம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். கையுறைக்குள் பனிக்கட்டி போட்டு இரண்டு நிமிடம் வைத்தார். இமை ஏறியது.

“கிடங்குக்குள்ள போறப்ப ஹார்ன் அடிப்பீங்கல்ல? உங்க நரம்பும் அப்படித்தான். ஒரு துளி ரசாயனத்தைத் தசைக்கு அனுப்பும். தசையோட செல்லுல, மேல்சவ்வுல, அதைக் கேக்குறதுக்குன்னே காது மாதிரி ஏற்பிகள் இருக்கு. கேட்டாத்தான் தசை இழுக்கும்.”

“என் ஹார்ன் ரிப்பேரா?”

“ஹார்ன் நல்லாத்தான் இருக்கு. கேக்குற காதை யாரோ பொத்துறாங்க. சிலதைப் பிச்சே போட்டுடுறாங்க.”

“யாரு?”

“உங்க உடம்போட காவல்காரங்கதான். ஆள் தெரியாம அடிக்கிறாங்க. குளிர்ல அந்த ரசாயனம் சீக்கிரம் அழியாது, கொஞ்சம் கூட நேரம் நிக்கும். அதான் மிச்சமிருக்கிற காதுக்குக் கேட்டுடுது.”

ரத்தப் பரிசோதனையும் அதையே சொன்னது. மாத்திரையும் அந்த ரசாயனத்தை அழியவிடாமல் நிறுத்திவைக்குமாம், மூன்று நான்கு மணி நேரம். “நான் சொல்ற வரைக்கும் வண்டியைத் தொடாதீங்க,” என்றார்.

மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போன முதல் நாள், கண் அகலத் திறந்திருந்தது.

“என்னய்யா, நாடகம் முடிஞ்சுதா? ஏறு,” என்று சாவியை நீட்டினார் சூப்பர்வைசர்.

வாங்கிக்கொண்டார். டாக்டர் சொன்னது இங்கே யாருக்கும் தெரியாது. கால் அதற்குள் மிதியைத் தேடியது. வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார்; இருக்கையைத் துடைத்தார்; மறுபடி சுற்றினார். மேடையில் அந்தப் பெண் பெட்டிகளுக்கு நடுவே குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள்.

“ஏறலை சார். இந்தக் கண்ணு எப்ப சாத்திக்கும்னு எனக்கே தெரியாது.”

சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, லேபிள் ஒட்டும் மேசைக்குப் போனார். அங்கும் நிலைகொள்ளாமல் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார்.

ஒரு மாதம் கழித்து, எதிரே லேபிள் எண்ணிக்கொண்டிருந்த அந்தப் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

“அன்னிக்கு நீங்க என்னைப் பார்த்துக் கண்ணடிக்கிறீங்கன்னு நெனச்சேண்ணே. கோவத்துல முதுகைத் திருப்பிக்கிட்டேன். வண்டி வந்ததையே நான் பார்க்கல.”