முழங்காலுக்குக் கீழே ஒரு வழி

பிரெஞ்சுக்காரர்கள் கொடியை இறக்கிக்கொண்டு போய் இரண்டு மூன்று கோடை ஆகியிருக்கும். நான் அப்போது பாண்டிச்சேரி ஆஸ்பத்திரி ஒன்றில் குழந்தைகள் வார்டு நர்ஸ். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பார்கள். பொய்யில்லை.

அன்று காலை முத்தியால்பேட்டையிலிருந்து ஒரு நெசவுக்காரர் இரண்டு வயது மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். கூடவே மனைவி. முதல் நாளிலிருந்து குழந்தைக்கு வாந்தி, பேதி. கண் குழிந்து, உதடு வெடித்திருந்தது. முனகியதே தவிர, கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை.

"தண்ணி குடுத்தீங்களா?" என்று தாயைக் கேட்டேன்.

"குடுத்தா இன்னும் போவும்னாங்க. நாக்குலகூட வைக்கல," என்றாள், கொஞ்சம் பெருமையாகவே. வந்த கோபத்தை விழுங்கிக்கொண்டேன். ஊரே அப்படித்தான் நம்பியது. என் அம்மாவும் எங்களை அப்படித்தான் காயப்போட்டாள்.

சலைன் ஏற்ற நரம்பு தேடினோம். கை, கால், நெற்றி எங்கும் நரம்பு ஒடுங்கிக் கிடந்தது. டாக்டர், எலும்பு மஜ்ஜை எடுத்துப் பார்க்கும் தடித்த ஊசியைக் கொதிக்க வைக்கச் சொன்னார். மஜ்ஜைக்குள் விட்டால் நேராக ரத்தத்துக்குப் போய்விடும், நரம்பு ஒடுங்கினாலும் எலும்பு ஒடுங்காது என்றார். நான் கேள்விப்பட்டிருந்தேன், பார்த்ததில்லை.

ஊசியைக் கண்டதும் தகப்பன் குழந்தையின் காலை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். "வாணாங்க. பொட்டப் புள்ள. கால் நொண்டியாயிட்டா எவன் கட்டிக்குவான்?"

"கட்டிக்கறதுக்கு மொதல்ல அது இருக்கணும். கையை எடுங்க," என்றேன். எடுத்துவிட்டார்.

நான் காலைப் பிடித்துக்கொள்ள, டாக்டர் முழங்காலுக்குக் கீழே ஊசியைத் திருகித் திருகி இறக்கினார். தேங்காய்க் கண்ணைக் குடைவது போல ஒரு நெருடல், பிறகு சட்டென்று இளகியது. அவர் கையை எடுத்தும் ஊசி தானாக நின்றது. சலைன் இறங்கத் தொடங்கியது. எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. வார்டாயிற்றே என்று அடக்கிக்கொண்டேன்.

மதியத்துக்குள் நாடி விரலில் தட்டியது. கையில் நரம்பு தெரிந்ததும் சலைனை அங்கே மாற்றி, காலிலிருந்த ஊசியை எடுத்துவிட்டோம். சாயங்காலம் குழந்தை கண்ணைத் திறந்து, என்னைப் பார்த்து, வீரிட்டு அழுதது.

"ஏம்மா அழுவுது? கால் வலிக்குதா?" என்று தகப்பன் பதறினார்.

"அழட்டும். கண்ணைப் பாருங்க."

கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. தாய் அதை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். ஆறவைத்த தண்ணீரை ஸ்பூனில் எடுத்து நீட்டினேன். மறுபேச்சில்லாமல் வாங்கி அவளே புகட்டினாள். போர்வையைச் சரிசெய்யக் குனிந்தேன். ஊசி போட்ட அதே காலால் குழந்தை என் வயிற்றில் ஒரு உதை விட்டது. அவ்வளவு சந்தோஷமாக நான் யாரிடமும் உதை வாங்கியதில்லை.