மரவள்ளி பிஸ்கற்றில் இஞ்சி

கனடாவில், மல்வேர்னில் எங்கள் வீட்டு பேஸ்மென்றில் கானா நாட்டுப் பிள்ளை ஒருத்தி சில வருடம் குடியிருந்தாள். உணவுத் தொழில்நுட்பம் படிக்க வந்தவள். படிப்பு முடிந்ததும் பக்கத்து மார்க்கம் நகரில் ஒரு பிஸ்கற் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தாள். என்னை 'அன்ரி' என்றுதான் கூப்பிடுவாள். எங்கள் ஆட்களிடம் பழகிக்கொண்டாள் என்று பெருமைப்பட்டிருந்தேன். தங்கள் ஊரிலும் அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று பிறகுதான் சொன்னாள். அவள் பேசுவது ஆங்கிலம். நான் இங்கே என் தமிழில் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மேலே வந்து என் ஓவனில் பிஸ்கற் சுடுவாள். கோதுமை மாவில் இல்லை, மரவள்ளி மாவில். அவளுடைய ஊரில் திரும்பின பக்கமெல்லாம் மரவள்ளித் தோட்டமாம். மண்ணைக் கிண்டி எடுத்த கிழங்கு இரண்டு மூன்று நாளில் பழுதாகிவிடும். பாணுக்கும் பிஸ்கற்றுக்குமோ கோதுமை கப்பலில் வருகிறது. அவளோடு முன்பு படித்த இரண்டு பெடியள் அங்கே ஒரு கொட்டகை போட்டு, கிழங்கைத் துருவிப் பிழிந்து காயவைத்து மாவாக்கத் தொடங்கியிருந்தார்கள். அந்த மாவில் என்ன செய்யலாம் என்று பேக்கரிக்காரருக்குத் தெரியவில்லை. அதனால் வாங்க ஆளில்லை.

"செய்து காட்ட ஒராள் வேணும் அன்ரி, அது நான்தான்" என்பாள். "அங்க எங்கட வயசுக்காரர்தான் நிறைய. எல்லாரும் பிளேன் ஏறினா அந்த மண்ணில ஆர் எதைத் தொடங்கிறது?"

எல்லாம் நல்லதுதான். ஆனால் அந்தப் பிஸ்கற்றில் அவள் இஞ்சி போட்டாள்.

யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்களுக்கு இதற்குமேல் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: மரவள்ளியோடு இஞ்சி சேர்ந்தால் நஞ்சு. கிழங்கு அவித்த அன்று எங்கள் வீட்டில் இஞ்சித் தேத்தண்ணீர்கூட ஊற்றுவதில்லை. இதைத் தின்று யார் செத்தார்கள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. முதல் நாள் அந்த மணம் வந்ததும் என் கணவர் ரீவியை விட்டு ஓடிவந்து, "ஐயோ பிள்ளை, வாயில வைக்காதை!" என்று தமிழிலேயே கத்தினார். அவள் சிரித்துக்கொண்டு ஒன்றைக் கடித்தாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்காக எங்கள் பயம் போய்விடுமா?

ஒவ்வொரு கிழமையும் எனக்கென்று ஒரு தட்டில் எடுத்து வைப்பாள். "பிறகு சாப்பிடுறன்" என்று வாங்கி, மறுநாள் வேலையிடத்தில் பிலிப்பினோப் பெண்களுக்குக் கொடுத்துவிடுவேன். நஞ்சை எப்படி மனமறிந்து கொடுத்தாய் என்று கேட்காதீர்கள். அது எங்கள் ஆட்களுக்குத்தான் நஞ்சு. அவர்கள் இன்னும் இருக்கிறதா என்று கேட்டுத் தின்றார்கள்.

பனி கரைந்துகொண்டிருந்த நாட்களில் தொழிற்சாலை அவளை நிரந்தரமாக்க முன்வந்தது. சம்மதித்தால் இந்த நாட்டிலேயே இருந்துவிடலாம். அவளோ ஊருக்குப் போகப்போவதாகச் சொன்னாள்.

"உனக்கென்ன விசரே?" என்று கேட்டேன். அந்தச் சொல் அவளுக்கு நன்றாக விளங்கும். எத்தனை நாடு ஏறி இறங்கி, ஏஜென்சிக்காரன் சொன்னதற்கெல்லாம் தலையாட்டி நாங்கள் வந்து சேர்ந்த இடம் இது. இதை ஒருத்தி கையால் தள்ளிவிட்டுப் போவதா? கோபம் ஒரு பக்கம், கவலை ஒரு பக்கம். என் பிள்ளைகள் இருவரும் ஸ்ரௌவ்வில்லில் வீடு வாங்கிப் போன பிறகு இந்த வீட்டில் ஆள் அரவம் என்றால் அவள்தான். அவள் போவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அவளுடைய தாயும் வரவேண்டாம் என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். தாயின் வாழ்த்து இல்லாமல் தொடங்கும் எதுவும் உருப்படாது, அம்மா ஓம் என்றால்தான் போவேன் என்று இவள் உறுதியாக இருந்தாள். திங்கட்கிழமை தொழிற்சாலைக்குப் பதில் சொல்லவேண்டும். ஞாயிறு காலை தாய் வீடியோவில் வந்து என்னைக் கூப்பிட்டாள். சந்தையில் துணி விற்கும் மனுஷி, தலையில் பெரிய பூப்போட்ட துணி கட்டியிருந்தாள்.

"சகோதரி, நீங்கள் சொன்னாக் கேப்பாள். அங்கயே இருக்கச் சொல்லுங்கோ. இப்ப திரும்பி வந்தா, பிடிச்சு அனுப்பிட்டாங்கள் எண்டுதான் சனம் கதைக்கும்."

ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்று எனக்குத் தெரியாதா? எங்கள் ஊரிலும் கனடாவிலிருந்து திரும்பியவனை அப்படித்தான் பார்ப்பார்கள். ஓம், சொல்கிறேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். பிள்ளை சிங்குக்கு முன்னால் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கையிலிருந்த தட்டை அவள் கழுவவில்லை. கல்லாக வந்த பிஸ்கற்றைக் குப்பையில் கொட்டிவிட்டு, முகம் சுளிக்காமல் திரும்பவும் மா குழைத்த பிள்ளை அது.

"அவள் கெட்டிக்காரி. மறிக்க எனக்கு மனம் வரேல்லை" என்றேன்.

தாய் முகத்தைத் திரைக்குக் கிட்டக் கொண்டுவந்தாள். பிறகு, "அந்தப் பிஸ்கற்றை நீங்கள் திண்டு பாத்தனீங்களோ?" என்று கேட்டாள். "சிநேகிதர் எல்லாத்தையும் நல்லது எண்டுதான் சொல்லுவினம். நீங்கள் ஒரு தாய். உண்மையைச் சொல்லுங்கோ."

சோபாவிலிருந்து என் கணவர் வேண்டாம் என்று தலையாட்டினார். ஓம் என்று பொய் சொல்லியிருக்கலாம். பெற்றவளிடம் அது முடியவில்லை. ஆறிக்கொண்டிருந்த தட்டிலிருந்து ஒன்றை எடுத்து, முருகா என்று நினைத்துக்கொண்டு கடித்தேன். முதலில் இஞ்சி சுள்ளென்றது. பிறகு மொறுமொறுவென்று கரைந்தது. தாய் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். விழுங்கும்வரை பொறுத்திருந்தாள்.

"நல்லாயிருக்கு. சீனி மட்டும் கொஞ்சம் கூடிப்போச்சு" என்றேன்.

"சின்னனிலயிருந்து அவள் அப்பிடித்தான், சீனிக்கு அளவு தெரியாது." தலைத்துணியின் நுனியை இழுத்துக் கண்ணைத் துடைத்தாள். "வரட்டும். சீனியை நான் பாத்துக்கொள்ளுறன்."

குழாயை மூடும் சத்தம் கேட்டது. நான் திரும்பவில்லை. நான் அழுவதைப் பிள்ளை பார்த்தால் போகமாட்டாள் என்று பயந்தேன்.