தேசப்பனுக்கு ரத்தம் கொடுத்த முறை

நேற்று மாலை உறுதியான செய்தி இது. தேசப்பன் உடம்பில் ஈரலைக் கெடுக்கும் ஹெபடைடிஸ் சி வைரஸ் இப்போது இல்லை. மாத்திரைகளை முடித்துப் பன்னிரண்டு வாரம் கழித்து எடுத்த பரிசோதனை. ரிப்போர்ட்டை அவனே போனில் படித்தான். இரண்டாம் முறையும் படிக்கச் சொன்னேன்... தொழில் புத்தி.

எழுபதுகளின் கடைசியில், பழவேற்காடு ஏரியோரக் குப்பத்தில் நாங்கள் இருவரும் இளைஞர்கள். அவனுக்கு ஹீமோபிலியா. ரத்தம் எளிதில் உறையாது. நண்டு கீறினாலே நாள்கணக்கில் கசியும். சில நாள் காரணமே இல்லாமல் முழங்கால் உள்ளே ரத்தம் கட்டி, தொட்டால் கொதிக்கும்.

எங்கள் ஏரியில் யார் எந்த நாள், எந்த இடத்தில் வலை போடலாம் என்பதற்கு ஒரு முறை உண்டு. அதைப் 'பாடு' என்போம். படகேற முடியாத தேசப்பன்தான் அந்த வரிசையை மனப்பாடமாக வைத்திருந்தான்.

அடுத்தவர் ரத்தம் ஏற்றினால்தான் அவனுக்குக் கசிவு நிற்கும். அதைக் கொடுக்கவும் ஊர்க்கூட்டம் பாடு வைத்தது. குரூப் ஒத்துப்போன பதினொரு பேர். கால் வீங்கினால், முறைக்காரர் பொன்னேரிக்கு பஸ் பிடித்து, ரயிலேறி, சென்னை ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும். வராதவருக்கு ஏரியில் ஒரு பாடு போய்விடும். ஒருவரும் தவறவில்லை.

நான் அதற்குள் குப்பத்தை விட்டுப் போய், சென்னையில் ஒரு பேப்பரில் புது நிருபர். என் முறை இரண்டு தடவை வந்தது.

"வாடா பேப்பர்காரா! நல்லா துன்னுட்டு வந்தியா? போன தபா உன் ரத்தம் வெறும் தண்ணிடா!" என்று கட்டிலில் கிடந்தபடி சிரிப்பான்.

குரூப் மட்டும் பார்ப்பார்கள். இந்த வைரஸுக்கு அன்று பெயரே இல்லை.

பல வருடம் கழித்து ஓயாத அசதி. ஈரலில் தழும்பு. அன்று ஏற்றிய ரத்தத்தில் வந்திருக்கும் என்றார் டாக்டர். அப்போதிருந்த ஊசி மருந்தை அவன் உடம்பு தாங்கவில்லை, பாதியில் நிறுத்தினார்கள்.

எந்த நாள் யார் ரத்தம் என்பது அவனுக்குத் தெரியும். ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"என்னுதாடா?"

"தெரிஞ்சு இன்னா பண்ணப்போற? மருந்து கீதா? உட்டுத் தள்ளு."

அதன்பின் அவன் அதைப் பேசவே இல்லை. நான் மட்டும் சுமந்துகொண்டிருந்தேன்... அவன் ஒவ்வொரு முறை இளைத்துத் தெரியும்போதும்.

நேற்று ரிப்போர்ட்டைப் படித்து முடித்தவன் போனை வைக்கவில்லை.

"இப்ப மாத்திர கீதுடா. யாருதுன்னு தேட வாணாம். ரத்தம் குடுத்தவங்க அல்லாரும் டெஸ்ட் எடுக்கணும். உள்ள இருந்தா வெளியே தெரியாதாம். ஏழு பேரு உசுரோட கீறீங்க. நான் ஊடு ஊடா போய்ச் சொல்றேன். மொத ஆளு நீ."

"எனக்கு இருந்தா?"

"இருந்தா துன்னு, மாத்திரய. நான் துன்னல?"

நெடுநாளைக்குப் பிறகு நேற்று நன்றாகத் தூங்கினேன். அன்று ஒரு பாட்டில் ரத்தம் எடுத்தவர்கள் எதையும் தேடவில்லை. இன்று காலை என்னிடம் டெஸ்டுக்கு எடுத்தது சின்னக் குழாய் அளவுதான். அதில் எல்லாம் தெரிந்துவிடும் என்கிறார்கள்.

தேசப்பனின் ஈரல் ஸ்கேன் அடுத்த மாதம். தழும்பு எவ்வளவு என்பது அப்போது தெரியும். என் ரிசல்ட் வியாழக்கிழமை வரும்.