அட்டையைத் திருப்பிப் போட்டவள்

தையல் கூடத்தில் துணி வெட்டுகிறவளைக் கத்திரி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். என் எதிர்வீட்டுக்காரி. வாயும் கத்திரிதான். பெரிய மேஜையில் துணியை அடுக்கடுக்காக விரித்து, அளவு அட்டையை வைத்து, சாக்கட்டியால் கோடு இழுத்து அவள் வெட்ட ஆரம்பித்தால், தையல்காரர்கள் மிஷினை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள்.

இடுப்பு வலியில் தூக்கம் கெட்டபோது, டாக்டர் சில நாளைக்கென்று ஒரு தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். வலி போயிற்று, மாத்திரை போகவில்லை. ஒன்று பத்தாமல் ஒன்றரை, அப்புறம் இரண்டு. பழைய சீட்டையே நீட்டி வருஷக்கணக்கில் வாங்கிக்கொண்டிருந்தாள். மத்தியானம் வரை தலைக்குள் பஞ்சு அடைத்த மாதிரி இருக்கும். பால் பொங்கி வழியும், சாவி தொலையும், குளியலறையில் ஒரு தடவை விழுந்தாள். எல்லாப் பழியையும் வயசின் தலையில் போட்டாள்.

ஒரு நாள் பூப்போட்ட துணி வந்தது. அதில் ஒரு பக்கம்தான் பூ. சட்டையின் ஒரு கையை வெட்டியதும் அட்டையைத் திருப்பிப் போட்டுத்தான் மறு கையை வெட்ட வேண்டும். அவள் திருப்பவில்லை. அத்தனை சட்டைக்கும் இரண்டு கையும் இடது கை.

"ஏண்ணே, இதை வாங்குறவங்களுக்கு வலது கையே கிடையாதா?" என்று பொத்தான் துளைக்குக் காஜா எடுப்பவர் முதலாளியைக் கேட்க, கூடமே சிரித்தது. முதலாளி சிரிக்கவில்லை. அவள் கையிலிருந்த கத்திரியை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

"கொஞ்ச நாள் பொத்தான் தைம்மா."

எல்லாம் மாத்திரை செய்த வேலை என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது; அன்றைக்கே மாத்திரைகளைக் குப்பையில் எறிந்துவிட்டாள். ஓரிரு நாளில் நான் போய்ப் பார்த்தால் கை கிடுகிடுவென்று நடுங்குகிறது, வேர்த்துக் கொட்டுகிறது.

"யாரைக் கேட்டுடி நிறுத்தின?"

"சனியன்க்கா அது. ஒரேயடியா தலைமுழுகிட்டேன்."

"இத்தனை வருஷம் சாப்பிட்டதைத் திடீர்னு விட்டா வலிப்பே வரும். வீராப்பை மூட்டை கட்டி வை. செருப்பை மாட்டு."

நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இதைக் கண்ணால் கண்டிருக்கிறேன். நேராக டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். அவர் மாத்திரையை மறுபடி தொடங்கி, பல மாதங்களில் துளித்துளியாகக் குறைக்கச் சொன்னார். அவர் சொல்லாமல் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது.

மாத்திரையை நறுக்கும் வேலை அவளுடையது. கத்திரி இல்லாத கைக்கு அதுவே கொண்டாட்டம். சாக்கட்டியால் கோடு இழுக்காததுதான் பாக்கி.

"பாத்தியாக்கா, ஒரு பிசிறு இருக்கா?"

"மொளகு சைஸ் மாத்திரைக்கு இவ்ளோ பெருமையா? முழுங்குடி."

மோசமான வாரங்களும் வந்தன. எதற்கெடுத்தாலும் வீட்டுக்காரர் மேல் எரிந்து விழுந்தாள். அவர் சாயங்காலம் அவளை நடக்கக் கூட்டிக்கொண்டு போனார். நடந்ததைவிடச் சண்டை போட்டதே அதிகம்; ஆனால் திரும்பி வந்தால் அசந்து தூங்கினாள்.

கடைசித் துணுக்கும் நின்று, தலை தெளிந்த பிறகு முதலாளி முன்னால் போய் நின்றாள். நானும் கூடப் போனேன்.

"அலமாரிச் சாவியைக் குடுங்கண்ணே."

"முதல்ல எனக்கு ஒரு சட்டை வெட்டு. பூப்போட்டது." அலமாரியைத் திறந்து கத்திரியை மட்டும் எடுத்துக் கொடுத்தார்.

இடது கையை வெட்டினாள். பிறகு அட்டையைத் தூக்கி எல்லோருக்கும் காட்டிவிட்டு, டப்பென்று திருப்பிப் போட்டாள். விசில் பறந்தது.

தையல்காரர்கள் தைத்துக் கொடுத்ததும் முதலாளி போட்டுப் பார்த்தார். இரண்டு கையையும் தூக்கினார், வீசினார்.

"பொத்தான்தான் இன்னும் தைக்கல," என்றார்.

"அதை நீங்க தைங்க," என்று சாவியைப் பிடுங்கிக்கொண்டாள்.