ஈ மேலா, கீழா?

பல் மருத்துவமனையின் பின்னறையில் பல்செட் செய்பவர் அவர். பல்செட்காரர் என்றால்தான் தெரியும். வேலை நேரத்தில் பிறர் வாய்க்குப் பல் செய்தவர், ஓய்வு நேரத்தில் பிறர் வாய்க்கு ஒரு மொழியும் செய்தார். யாரும் கேட்கவில்லை. அதனாலென்ன?

உலகத்துச் சண்டைக்கெல்லாம் ‘மேல்’ என்ற சொல்தான் காரணம் என்பது அவர் கண்டுபிடிப்பு. மேசை மேல் டம்ளர், மனைவி மேல் கோபம், பக்கத்து வீட்டுக்காரன் மேல் வழக்கு. எல்லாவற்றுக்கும் ஒரே சொல் என்றால் மனிதன் எப்படி உருப்படுவான்? ஆகவே, பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நிற்கும் குட்டிச் சொற்களை வகைக்கொன்றாகப் படைத்தார். ஒட்டிக்கொண்டு மேலே இருந்தால் ‘தா’, ஒட்டாமல் இருந்தால் ‘தூ’, கோபத்துக்கு ‘க்ரா’.

“என் மேல கோபம்னா நேராச் சொல்லுங்க. அதுக்கு எதுக்குப் புதுசா ஒரு வார்த்தை?” என்றார் மனைவி. மேதைகளை வீட்டில் யார் மதித்தார்கள் என்று அவர் தன்னையே தேற்றிக்கொண்டார்.

கற்றுக்கொண்ட ஒரே ஜீவன் மனைவியின் தம்பி. வேலை போய் அக்கா வீட்டில் தங்கியிருந்தவருக்குச் சாப்பாட்டோடு மொழியும் பரிமாறப்பட்டது; தட்ட முடியவில்லை.

ஒரு மதியம் அறையின் உட்கூரையில் ஈ ஒன்று வந்து ஒட்டியது. மச்சினன் ‘தா’ என்றார். தலைகீழாகத் தொங்குவது எப்படி மேலே ஆகும் என்றார் பல்செட்காரர். மொழியைப் படைத்தவன் நான் என்றார் இவர்; பேசுபவர்களில் பாதி நான் என்றார் அவர். ஈ எப்போதோ பறந்துவிட்டது. சமாதானத்துக்கென்று பிறந்த மொழியைப் பேச இருந்த இரண்டே பேரும் அன்றோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

பிறகு மச்சினனுக்குக் கடைவாய்ப்பல் உடைந்தது. மருத்துவர் எடுத்த அச்சு பின்னறைக்குத்தான் வந்தது. பல்செட்காரர் கோபத்தை ஓரம் வைத்து, செயற்கைப் பல்லை அழகாகவே செய்தார். பொருத்திப் பார்க்க மச்சினன் நாற்காலியில் சாய்ந்தபோது பல்செட்காரரையும் கூப்பிட்டார்கள்.

“கடிச்சுப் பாருங்க மச்சான். எங்க இடிக்குது?”

“மேல, அத்தான்.”

எந்த மேல் என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை. அதுவே அவர் வாழ்நாளின் பெரிய தியாகம். பேசாமல் பல்லை ராவிக் கொடுத்தார், பேச்சுவார்த்தை திரும்பியது.

மச்சினனுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. கிளம்பும்போது, தானும் ஒரு மொழி செய்வதாகவும் அதில் குட்டிச் சொற்கள் பெயருக்குப் பின்னால் வரும் என்றும் அறிவித்துவிட்டுப் போனார். பல்செட்காரருக்கு அன்று சோறு இறங்கவில்லை.

“தமிழ்லயும் பின்னாடிதானே வருது?” என்றார் மனைவி.

“அதைத் திருத்தத்தானே நான் இவ்வளவு பாடுபடறேன்” என்றார் அவர், மிகுந்த பொறுமையோடு.